அப்டமர் தெரிவு: மலையகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேராதனைப் பக்கம் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன் என்று ஊரில் சொன்னால், "பிளட் டெஸ்ட் எடுக்கிற இடமா?" என்பதுதான் அடுத்த கேள்வி. இல்லை, அப்டமர் தெரிவு செய்கிறோம் என்றால் கேள்விகள் இன்னும் கூடும். தலவாக்கலையில் உயர்தரம் படிக்கிற பிள்ளைகள், ஹட்டனில் டியூஷன் எடுக்கிற ஆசிரியர்கள், லயத்துப் பெரியவர்கள் எல்லோருக்கும் வருவது ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்து, பதில்களை எழுதியிருக்கிறேன். பின்னால் வருபவை முன்னால் உள்ளவற்றை நம்பி நிற்பதால் மேலிருந்து வாசிப்பது நல்லது.

1. அக்கா, அப்டமர் என்றால் மருந்தா, கிருமியா?

இரண்டும் இல்லை. அது ஒரு சின்ன டிஎன்ஏ அல்லது ஆர்என்ஏ இழை. பெரும்பாலும் 20 முதல் 80 எழுத்து நீளம் இருக்கும். எழுத்து என்பது இழையில் வரிசையாகக் கோத்திருக்கும் நான்கு வகை இரசாயன அலகுகளில் ஒன்று. உயிர் கிடையாது, பரவாது, யாருக்கும் தொற்றாது. குறிப்பிட்ட ஒரு பொருளை இறுகப் பிடித்துக்கொள்வதுதான் அதன் வேலை. அந்தப் பொருளை இலக்கு என்போம். இலக்கு ஒரு புரதமாக இருக்கலாம், ஒரு மருந்தின் மூலக்கூறாக இருக்கலாம், பூஞ்சை விடும் நஞ்சாகவோ ஒரு முழுக் கலமாகவோகூட இருக்கலாம்.

பிடித்துக்கொண்ட பிறகு அதை எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பது வேறு விஷயம். மருந்தாக்கலாம், டெஸ்ட் கிட்டில் வைக்கலாம், ஆராய்ச்சியில் ஒரு கருவியாக வைத்துக்கொள்ளலாம்.

2. டிஎன்ஏ பரம்பரைத் தகவலைச் சுமக்கிறது என்றுதானே புத்தகத்தில் இருக்கு? அது எப்படி ஒரு புரதத்தைப் பிடிக்கும்?

புத்தகத்தில் இருப்பது இரட்டை இழை. அதில் ஓர் இழையின் எழுத்துகள் மற்ற இழையின் எழுத்துகளோடு ஏற்கெனவே கைகோத்துவிட்டன. ஒற்றை இழையாக விட்டால் நிலைமை வேறு. அதன் எழுத்துகள் தமக்குள்ளேயே சோடி தேடும், இழை மடியும், வளையம் போடும், முப்பரிமாண உருவம் எடுக்கும். எழுத்து வரிசை மாறினால் உருவமும் மாறும். அந்த உருவம் ஒரு புரதத்தின் மேற்பரப்போடு பொருந்தினால் ஒட்டிக்கொள்கிறது.

1992இல் வெளியான ஓர் அப்டமர் இதற்கு நல்ல உதாரணம். மொத்தமே 15 எழுத்து, அதிலும் ஜி, டி என்ற இரண்டு எழுத்துகள் மட்டும். இரத்தம் உறைவதற்குத் தேவையான திரொம்பின் என்ற புரதத்தை அது பிடித்து, உறைவதைத் தாமதப்படுத்துகிறது. மழைக்காலத்தில் கொழுந்து பறிக்கப் போய் அட்டைக் கடி வாங்கியவர்களுக்குத் தெரியும், அட்டையைப் பிடுங்கிப் போட்டாலும் இரத்தம் சட்டென்று நிற்காது. அட்டைகளின் எச்சிலில் திரொம்பினை முடக்கும் புரதங்கள் இருப்பது அதற்கு ஒரு காரணம். அவற்றில் பெயர் பெற்றது ஐரோப்பிய மருத்துவ அட்டையின் ஹிருடின். திரொம்பினில் ஹிருடின் பற்றிக்கொள்ளும் இடங்களில் ஒன்றைத்தான் இந்த 15 எழுத்து இழையும் பற்றுகிறது.

3. இதை யார் கண்டுபிடித்தது?

1990இல், ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளாமல், ஒரே நேரத்தில் வந்தது. அமெரிக்காவின் கொலராடோவில் கிரெய்க் டியூர்க்கும் லாரி கோல்டும், பெரிய இழைக் கூட்டத்திலிருந்து இலக்கைப் பிடிப்பவற்றை மட்டும் தெரிவு செய்து பெருக்கும் இந்த முறைக்கு, செலெக்ஸ் என்று பெயர் வைத்தார்கள். பொஸ்டனில் அண்ட்ரூ எலிங்டனும் ஜாக் சொஸ்டாக்கும் கிடைத்த இழைகளுக்கு அப்டமர் என்று பெயர் வைத்தார்கள். சொஸ்டாக்குக்கு 2009இல் நோபல் பரிசு கிடைத்தது உண்மைதான், ஆனால் அது நிறமூர்த்தங்களின் நுனிகள் பற்றிய ஆய்வுக்கு. பரீட்சையில் இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

4. தெரிவு, தெரிவு என்கிறீர்கள். கையால் உண்மையில் என்னதான் செய்கிறீர்கள்?

தோட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். பழைய விதைத்தேயிலை மலையில் ஒவ்வொரு செடியும் ஒவ்வொரு மாதிரி. அதில் நன்றாகக் கொழுந்து தருகிற, நோயைத் தாங்குகிற தாய்ச்செடியைப் பார்த்து எடுத்து, துண்டு வெட்டி, நாற்றுமேடையில் பெருக்கித்தான் வீபி (துண்டுக்கன்றுத் தேயிலை) மலைகள் வந்தன. முதலில் வேறுபாடு நிறைந்த ஒரு கூட்டம், பிறகு தெரிவு, பிறகு பெருக்கம். செலெக்ஸின் ஒழுங்கும் அதேதான். நாங்கள் அதைத் திரும்பத் திரும்பச் செய்கிறோம்.

எங்கள் 'விதைத்தேயிலை' வெளிநாட்டிலிருந்து சின்ன டியூபில் வரும். அடியில் காய்ந்த டிஎன்ஏ ஒட்டியிருக்கும், பல நேரம் கண்ணுக்கே தெரியாது. மூடியைத் திறப்பதற்கு முன் டியூபைச் சுழலியில் வைத்து ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். இல்லாவிட்டால் மூடியில் ஒட்டியிருப்பது காற்றோடு போய்விடும். ஒவ்வொரு இழையின் இரு நுனிகளும் எல்லாவற்றுக்கும் பொது. நடுவில் உள்ள 30, 40 எழுத்துகள் மட்டும் தாறுமாறானவை. அதைத் தாங்கற்கரைசலில் (அமில, கார நிலை எளிதில் மாறாத உப்புக் கரைசலில்) கரைத்து, 95 பாகைக்குச் சூடாக்கி, ஆறவிடுவோம். ஆறும்போது ஒவ்வொன்றும் தன் உருவத்துக்கு மடியும்.

பிறகு இலக்குப் புரதம் ஒட்டப்பட்ட காந்த மணிகளை அதில் சேர்ப்போம். மணி என்றால் கழுத்தில் போடுகிற மணி இல்லை, பழுப்புச் சேறு மாதிரி தெரிகிற நுண்துகள். கொஞ்ச நேரம் சுழலவிட்டு, டியூபைக் காந்தத் தட்டில் வைத்தால் துகள்கள் ஒரு பக்கச் சுவரில் போய்ச் சேரும், கரைசல் தெளியும். துகள்களைத் தொடாமல் அந்தத் தெளிவை மட்டும் பிப்பெட்டால் உறிஞ்ச வேண்டும். ஒட்டாத இழைகள் அதோடு போய்விடும். கழுவுவோம், மறுபடியும் கழுவுவோம். கடைசியில் சூடாக்கினால் இறுகப் பிடித்திருந்தவை கழன்று வரும். அவற்றை பிசிஆரில் (டிஎன்ஏயைப் பிரதியெடுத்துப் பெருக்கும் முறையில்) பெருக்கி, இரட்டை இழையை மறுபடி ஒற்றை இழையாக்கினால் ஒரு சுற்று முடிந்தது. ஆர்என்ஏ என்றால் இடையில் டிஎன்ஏயாக மாற்றி, பெருக்கி, மறுபடி ஆர்என்ஏயாக எழுதவைக்கும் வேலையும் சேரும்.

5. கோடிக்கணக்கான இழையும் ஒரே டியூபிலா?

கோடி என்பது இங்கே சில்லறை. வழக்கமாக ஒன்றுக்குப் பின்னால் 14 அல்லது 15 பூச்சியம் போட்ட எண்ணிக்கையில் தொடங்குவோம். 80 எழுத்து இழைகள் அந்த மேல் எண்ணிக்கையில் இருந்தாலும் எடை ஏறக்குறைய 40 மைக்ரோகிராம்தான்.

ஆனால் அதுவும் எல்லா வரிசைகளும் இல்லை. நடுப்பகுதி 40 எழுத்து, ஒவ்வோர் இடத்திலும் நான்கில் ஒன்று வரலாம் என்றால், 4ஐ 40 தடவை பெருக்கிப் பாருங்கள். ஒவ்வொரு வரிசையிலும் ஒரே ஓர் இழை வேண்டுமானால்கூட ஏறக்குறைய 50 கிலோ டிஎன்ஏ தேவை, ஒரு மூட்டை. ஆகவே நாங்கள் பார்ப்பது நூறு கோடிக்கு ஒன்று என்ற அளவில்தான். அப்படியிருந்தும் வேலை நடக்கிறது. இலக்கைப் பிடிக்கச் சில இடங்களில் உள்ள எழுத்துகள்தான் முக்கியம், மற்ற இடங்களில் எது இருந்தாலும் உருவம் பெரிதாகக் கெடாது. அதனால் ஒரே உருவத்தை எடுக்கும் வரிசைகள் ஏராளம், அவற்றில் சில நம் டியூபில் இருந்துவிடும்.

6. எத்தனை சுற்று? கூடக் கூட நல்லதுதானே?

பொதுவாக 8 முதல் 15 சுற்று. சுற்றுக்குச் சுற்று இலக்கின் அளவைக் குறைப்போம், நேரத்தைக் குறைப்போம், கழுவுவதைக் கூட்டுவோம்.

கூடக் கூட நல்லது என்பது சரியில்லை. பிசிஆரில் சில வரிசைகள் மற்றவற்றைவிடச் சுலபமாகப் பெருகும். பிடிக்கும் திறமை இல்லாவிட்டாலும் அவை சுற்றுக்குச் சுற்று கூட்டத்தை நிறைத்துவிடும். காந்தத் துகளிலும் பிளாஸ்டிக்கிலும் ஒட்டிக்கொள்பவை இன்னொரு தொல்லை. அதனால் இலக்கு இல்லாத வெறும் துகள்களோடு கூட்டத்தைக் கலக்கி, அவற்றில் ஒட்டுவதை வீசிவிடுவோம். இதை எதிர்த்தெரிவு என்போம். என்னைக் கேட்டால் முழு வேலையின் தரமும் இந்த வீசும் படியில்தான் இருக்கிறது. எதைப் பிடிக்க வேண்டும் என்று எல்லோரும் திட்டமாக எழுதிவைப்பார்கள். எதைப் பிடிக்கக் கூடாது என்று எழுதிவைப்பவர்கள் குறைவு.

7. நம்ம தேயிலைக்கும் இதுக்கும் ஏதாவது சம்பந்தம் இருக்கா டீச்சர்?

இருக்கிறது, அதுவும் இந்தத் துறையின் மிக அழகான பரிசோதனைகளில் ஒன்றில். இழுப்புக்குக் கொடுக்கிற தியோஃபிலின் மாத்திரையைப் பலர் வீட்டில் பார்த்திருப்பீர்கள். அந்தப் பொருளை 1888இல் ஜெர்மனியின் அல்பிரெக்ட் கொசெல் முதன்முதலில் பிரித்தெடுத்ததே தேயிலையிலிருந்துதான். தேயிலையில் அது மிகச் சொற்பம். கஃபீன்தான் நிறைய, காய்ந்த தேயிலையின் எடையில் 100க்கு 3 பங்கு அளவில் இருக்கும். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே மூலக்கூறு. கஃபீனில் ஒரு மெதைல் கூட்டம் (ஒரு காபனும் மூன்று ஐதரசனும் சேர்ந்த சின்னத் துண்டு) கூடுதல், அவ்வளவுதான் வித்தியாசம்.

தியோஃபிலின் இரத்தத்தில் குறைந்தால் வேலை செய்யாது, கொஞ்சம் கூடினால் வாந்தி, நெஞ்சுப் படபடப்பு, வலிப்புவரை போகும். அதனால் அளந்து பார்க்க வேண்டிய மருந்து அது. அளக்கிற கருவி கஃபீனையும் தியோஃபிலின் என்று எண்ணிவிட்டால், காலையிலிருந்து பிளேன்டீ குடிக்கிற நம் ஆட்களின் ரிப்போர்ட் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

பாரி பொலிஸ்கியின் குழு 1994இல் இரண்டையும் பிரித்தறியும் அப்டமரைத் தெரிவு செய்துகாட்டியது. தியோஃபிலின் ஒட்டிய துகள்கள் அடைத்த குழாயில் ஆர்என்ஏ கூட்டத்தைப் பிடிக்கவிட்டார்கள். பிறகு கஃபீன் கரைசலை ஊற்றினார்கள். கஃபீனோடு கழன்று வந்தவை இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவை, அவற்றை வீசினார்கள். மிஞ்சியதைத் தியோஃபிலின் ஊற்றிக் கழற்றி, பெருக்கினார்கள். கடைசியில் கிடைத்த அப்டமர் கஃபீனைவிடத் தியோஃபிலினை 10,000 மடங்கு இறுக்கமாகப் பிடித்தது. கஃபீனின் அந்த ஒரு மெதைல் கூட்டத்துக்கு அதன் மடிப்புக்குள் இடமில்லை. கஃபீன் ஊற்றாமல் விட்டிருந்தால் தியோஃபிலினைப் பிடிக்கும் அப்டமர் அப்போதும் கிடைத்திருக்கும், இந்தத் துல்லியத்தை மட்டும் எதிர்பார்த்திருக்க முடியாது.

8. பிறபொருளெதிரி இருக்கும்போது இது எதற்கு?

பிறபொருளெதிரி என்பது கிருமி போன்ற அந்நியப் பொருளைப் பிடிக்க உடல் உண்டாக்கும் புரதம். டெங்கு என்எஸ்1 கார்ட், கர்ப்பம் பார்க்கிற ஸ்ட்ரிப் எல்லாம் பிறபொருளெதிரியில் ஓடுபவை, நன்றாகவே ஓடுகின்றன. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பிறபொருளெதிரியை விலங்கின் உடலிலோ வளர்க்கும் கலங்களிலோதான் உண்டாக்க வேண்டும். பொதுவாகக் குளிரில் வைக்க வேண்டும், சூடு பட்டுக் குலைந்தால் பெரும்பாலும் திரும்பாது. அப்டமரை வரிசை தெரிந்தால் இரசாயன முறையில் எந்த நாட்டிலும் அதேபோல் செய்யலாம். டிஎன்ஏ அப்டமர் உலர்ந்த நிலையில் சாதாரண அறை வெப்பநிலையைத் தாங்கும், சூட்டில் விரிந்தாலும் ஆறியதும் மறுபடி மடியும். மின்சாரம் போனால் குளிர்சாதனப் பெட்டி நிற்கிற தோட்ட டிஸ்பென்சரிக்கு இது சின்ன விஷயம் இல்லை.

தியோஃபிலின் மாதிரிச் சின்ன மூலக்கூறுகளுக்கும், உடலில் செலுத்தினால் விலங்கே செத்துவிடும் நஞ்சுகளுக்கும் டியூபில் தெரிவு செய்வது வசதி. மற்றபடி சந்தை, அனுபவம், மருத்துவர்களின் நம்பிக்கை எல்லாம் இன்னும் பிறபொருளெதிரியின் பக்கம்தான்.

9. மருந்தாக ஏதாவது வந்திருக்கா?

அமெரிக்காவில் அனுமதி பெற்றவை இரண்டு. முதலாவது பெகப்டனிப், 2004 டிசம்பரில், வயதானவர்களின் விழித்திரையில் தேவையில்லாத இரத்தக்குழாய் முளைக்கிற நோய்க்கு. 28 எழுத்து ஆர்என்ஏ, கண்ணுக்குள்ளேயே ஊசி போடுவது. அதே நோய்க்கு 2006இல் வந்த ரனிபிசுமாப் என்ற பிறபொருளெதிரித் துண்டு இதைவிட நன்றாக வேலை செய்ததால் பெகப்டனிப் ஓரங்கட்டப்பட்டது. இரண்டாவது அவசின்கப்டாட் பெகோல், 2023 ஆகஸ்டில். அதுவும் விழித்திரைக்குத்தான், ஆனால் வேறு வகைச் சிதைவுக்கு.

10. முப்பது வருசத்துக்கு மேல ஆச்சு, ஏன் இரண்டே இரண்டு? அதுவும் ஏன் கண்ணுக்கு மட்டும்?

இரத்தத்தில் டிஎன்ஏ, ஆர்என்ஏ வெட்டும் நொதியங்கள் சுற்றிக்கொண்டே இருக்கும். மாற்றம் செய்யாத ஆர்என்ஏ அங்கே நிமிடக்கணக்கில்கூடத் தாங்காது. சர்க்கரைப் பகுதியில் புளோரின் போன்றவற்றைச் சேர்த்தால் நொதியத்திடமிருந்து தப்பும். ஆனால் உருவம் சிறியது என்பதால் சிறுநீரகம் வடித்துவிடும். அதற்காகப் பெக் என்ற நீண்ட பல்பகுதியத்தை வாலாகக் கட்டுகிறார்கள். கண் ஒரு மூடிய அறை மாதிரி, போட்ட மருந்து அங்கேயே அதிக நாள் இருக்கும். கண்ணில் முதலில் வெற்றி கிடைத்ததில் ஆச்சரியம் இல்லை.

அந்த வாலே வினையான கதையும் உண்டு. இதய இரத்தக்குழாய்ச் சிகிச்சையின்போது இரத்தம் உறையாமல் தடுக்க பெக்னிவகோஜின் என்ற அப்டமரைச் சோதித்தார்கள். 13,200 பேரைச் சேர்க்கத் திட்டம். 3,232 பேர் சேர்ந்த நிலையில், சிலருக்குக் கடுமையான ஒவ்வாமை வந்ததால் 2014இல் சோதனையை நிறுத்திவிட்டார்கள். பாதிக்கப்பட்டவர்களில் பலருக்கு பெக்குக்கு எதிரான பிறபொருளெதிரிகள் முன்கூட்டியே உடலில் இருந்தன. பெக் பல மருந்துகளிலும் அழகுசாதனப் பொருட்களிலும் இருக்கிற சாதாரணப் பொருள். கெடுத்தது இழையில்லை, அதில் கட்டிய வால்.

11. ஏம்மா, இது கேன்சரைத் தேடிப்போய்க் கொல்லுமாமே? எங்க அக்காவுக்கு எடுக்கலாமா?

இதைக் கேட்கிற பெரியவர்களுக்கு நேராகவே சொல்லிவிடுகிறேன்: புற்றுநோய்க்கு அனுமதி பெற்ற அப்டமர் மருந்து இல்லை. யாராவது பணம் வாங்கிக்கொண்டு தருவதாகச் சொன்னால் கொடுக்க வேண்டாம். கண்டியிலோ மகரகமவிலோ நடக்கிற சிகிச்சையை இதற்காக ஒரு நாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம்.

ஆராய்ச்சியில் நடப்பது உண்மைதான். தனிப் புரதத்துக்குப் பதிலாக முழுப் புற்றுநோய்க் கலங்களையே இலக்காக வைத்துத் தெரிவு செய்யலாம். சாதாரணக் கலங்களில் ஒட்டுபவற்றை 6ஆம் பதிலில் சொன்ன மாதிரி வீசிவிடலாம். இப்படி 2006இல் ஓர் இரத்தப் புற்றுநோய்க் கலவகையைப் பிடிக்கும் எஸ்ஜிசி8 என்ற அப்டமர் கிடைத்தது. அது உண்மையில் பிடிப்பது பிடிகே7 என்ற மேற்பரப்புப் புரதத்தை என்று பிறகுதான் கண்டுபிடித்தார்கள். எதைப் பிடிக்கிறது என்று தெரியாமலே முதலில் அப்டமர் கிடைத்து, அது ஆராய்ச்சியாளரை இலக்குக்குக் கூட்டிப்போகிறது. எனக்கு இந்த முறையில் பிடித்ததே இதுதான்.

12. அப்படியானால் எலிக்காய்ச்சலுக்கு ஒரு ஸ்ட்ரிப் செய்ய வேண்டியதுதானே? ஏன் இன்னும் செய்யவில்லை?

அப்டமர் கிடைப்பது பாதி வேலைகூட இல்லை. நாங்கள் தெரிவு செய்வது சுத்தமான தாங்கற்கரைசலில், அளந்து போட்ட மக்னீசியம், பொட்டாசியம் உப்புகளோடு. இழையின் மடிப்பு அந்த உப்புகளையும் பொறுத்தது. உப்பு மாறினால் உருவம் தளரலாம். நோயாளியின் இரத்தத்திலோ சிறுநீரிலோ உப்பு வேறு, வெட்டும் நொதியங்கள் வேறு, இலக்கைவிடப் பல்லாயிரம் மடங்கு அதிகமான வேறு புரதங்கள் வேறு.

அதைத் தாண்டினால், எலிக்காய்ச்சல் கிருமியில் ஏகப்பட்ட உபவகைகள். ஒன்றைப் பிடிப்பது இன்னொன்றை விட்டுவிடலாம். அப்புறம் நோயாளிகளின் மாதிரிகளில் சோதித்து, எத்தனை பேரைத் தவறவிடுகிறது, எத்தனை பேரை வீணாகப் பயமுறுத்துகிறது என்று பார்க்க வேண்டும். அதற்கு நெறிமுறைக்குழு அனுமதி, பணம், வருடங்கள் எல்லாம் வேண்டும்.

13. சஞ்சிகையில் வெளியான அப்டமர் என்றால் நம்பலாம்தானே?

வாங்கிச் சோதிக்காமல் நம்பக் கூடாது. தண்ணீரில் உள்ள ஆர்சனிக்கைப் பிடிக்கும் என்று 2009இல் ஓர் அப்டமர் வெளியானது. அதை வைத்து உலகம் முழுக்கப் பலர் உணரிகள் செய்து கட்டுரை எழுதினார்கள். 2019இல் கனடாவின் வாட்டர்லூவிலிருந்து ஒரு குழு கவனமாக அளந்து பார்த்து, அது ஆர்சனிக்கைப் பிடிக்கவே இல்லை என்று எழுதியது. பல உணரிகளில் நிறம் மாறியது தங்க நுண்துகள்களின் மேல் ஆர்சனிக்கே ஒட்டிக்கொண்டதால்.

எழுத்துகளை மட்டும் கலைத்துப்போட்ட ஓர் இழையையும் பக்கத்தில் வைத்துச் சோதித்தார்களா என்று கட்டுரையில் பாருங்கள். அதுவும் அதே சமிக்ஞையைத் தந்தால் அப்டமருக்கு அங்கே வேலையே இல்லை. ஒரே முறையால் அளந்ததை விட்டு, இரண்டு வேறு முறைகளால் அளந்ததை எடுங்கள்.

14. டிஎன்ஏ மட்டும்தானா? புரதத்திலும் இப்படித் தெரிவு செய்யலாமா?

செய்யலாம். ஜோர்ஜ் ஸ்மித் 1985இல் காட்டிய முறையில், பக்டீரியாவைத் தாக்கும் வைரசின் மேற்பரப்பில் சின்னப் பெப்டைட்டுகளை முளைக்கவைத்து, இலக்கைப் பிடிக்கும் வைரசுகளை மட்டும் எடுத்துப் பெருக்குவார்கள். இந்த வழியில் மருந்தான பிறபொருளெதிரிகளும் வந்தன. 2018 இரசாயன நோபல் பரிசில் ஸ்மித்துக்கும் கிரெகரி வின்டருக்கும் இதற்காகப் பங்கு கிடைத்தது. அங்கே பெருக்குவது பக்டீரியா, எங்களுக்கு பிசிஆர். கழுவுகிற தலைவலி இரண்டிலும் ஒன்றுதான்.

15. கணினியே வரிசையைச் சொல்லிவிடும் காலத்தில் இந்தக் கழுவல் எல்லாம் எதற்கு?

கணினி ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டது. ஒவ்வொரு சுற்றிலும் உள்ள இலட்சக்கணக்கான வரிசைகளை வாசித்து, எது எந்த வேகத்தில் கூடுகிறது என்று பார்க்கிறோம். அதனால் 6ஆம் பதிலில் சொன்ன பிசிஆர் செல்லப்பிள்ளைகளைச் சீக்கிரமே அடையாளம் காண முடிகிறது, சுற்றுகளும் குறைகின்றன. கணினி ஒரு வரிசையைப் பரிந்துரைத்தாலும் அது பிடிக்கிறதா என்று டியூபில்தான் பார்க்க வேண்டும். 13ஆம் பதில் அதற்கும் பொருந்தும்.

16. நான் நுவரெலியா மாவட்டத்தில் உயர்தரம் பயோ செய்கிறேன். இந்த வேலைக்கு வர டொக்டராகவேண்டுமா?

தேவையில்லை. உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் செய்து, பல்கலைக்கழகத்தில் மூலக்கூற்று உயிரியலோ உயிரிரசாயனமோ இரசாயனமோ எடுத்தால் போதும். பேராதனையில் விஞ்ஞான பீடமும் பட்டப்பின் நிறுவனமும் இருக்கின்றன. ஹந்தானையில் தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவனம் இருக்கிறது. கொழும்புப் பல்கலைக்கழகத்தில் உயிரிரசாயனத்துக்கும் மூலக்கூற்று உயிரியலுக்கும் தனி நிறுவனமே உண்டு. மருத்துவம் கிடைக்கவில்லை என்று வேறு வழியில்லாமல் வருகிறவர்களைவிட, இரசாயனம் பிடித்து வருகிறவர்கள் இங்கே நன்றாகச் செய்கிறார்கள்.

தோட்டப்புறத் தமிழ்ப் பாடசாலைகள் பலவற்றில் இரசாயன ஆசிரியர் இல்லாததுதான் உண்மையான தடை. அது பிள்ளைகளின் குறை இல்லை. ஆங்கிலம் முதல் வருடம் கஷ்டப்படுத்தும், பிறகு பழகிவிடும். இப்போதே செய்யக்கூடியது ஒன்று: மோல், செறிவு, ஐதாக்கல் கணக்குகளை விரல்நுனியில் வைத்துக்கொள்ளுங்கள். 5ஆம் பதிலில் உள்ள 50 கிலோவை நீங்களே போட்டுப் பாருங்கள். முழு இழைக்கு 80 எழுத்து, ஓர் எழுத்துக்கு (ஒரு நியூக்கிளியோரைட்டுக்கு) மூலக்கூற்றுத் திணிவு 310 என்று எடுத்தால் விடை வரும்.